கேட்டது ஒரு வரி, சொன்னது ஒரு வரி

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பேச்சில் 'லாக்' என்ற சொல் நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து விழும். "லாக் பாத்தியா?", "லாக்ல என்ன இருக்கு?" என்பார்கள். பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இது மரக்கட்டை.

உண்மையாகவே மரக்கட்டைதான். பழைய பாய்மரக் கப்பல்களில் வேகத்தை அளக்க ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். கட்டை தண்ணீரில் நின்ற இடத்தில் நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே ஓடியது என்று எண்ணினால் அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றைக்கும் 'நாட்' என்று சொல்வது அந்த முடிச்சால்தான். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இல் அச்சிட்ட கடலோடிகளுக்கான நூலில் இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிய முடிச்சை எழுதி வைத்த புத்தகம் 'லாக் புக்' ஆயிற்று. பிறகு காற்று, திசை, ஆள் செத்தது, தண்ணீர்ப் பீப்பாய் ஒழுகியது எல்லாம் அதே புத்தகத்தில் ஏறின. கட்டை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கட்டைக்குப் பிரெஞ்சிலும் 'லோக்' என்றுதான் பெயர். ஆனால் புத்தகத்தை அவர்கள் 'ழுர்னால் த போர்' என்பார்கள், அதாவது கப்பலின் நாட்குறிப்பு. கம்ப்யூட்டர் வந்தபோதும் அந்தச் சொல்லை விடவில்லை. லாக் எழுதும் காரியத்துக்கு 'ழுர்னாலிசாசியோன்' என்று ஒரு நீளமான பெயர் வைத்துக்கொண்டார்கள். என் காதுக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுது என்ற கட்டளை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதை எழுத வந்ததற்குக் காரணம் என் தங்கை மகன். ஊதுவத்தி, சோப்பு விற்கிற கடையை இணையத்திலும் வைத்திருக்கிறான். வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டேன் என்கிறார், கடைக் கணக்கில் பணம் வரவில்லை, நடுவில் இருக்கும் பணப்பட்டுவாடாக் கம்பெனி எங்கள் பக்கம் தப்பில்லை என்கிறது. "மாமா, கேட்டதையும் பதிலையும் சேர்த்து எழுதி வைக்க ஒரு பிளக்-இன் போட்டிருக்கேன், இனிமே தெரிஞ்சிடும்" என்றான். கேட்டவுடன் எனக்குப் பழைய தபால் பிரிவு ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் வரவுப் பதிவேடு ஒன்று, அனுப்புகைப் பதிவேடு ஒன்று. வந்த கடிதத்துக்கு எண், தேதி, அனுப்பியவர், பொருள், எந்தப் பிரிவுக்குப் போயிற்று, கடைசியில் 'முடிவு' என்று ஒரு பத்தி. பியூன் கையில் ஒரு நோட்டு. அடுத்த அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தால் அங்கே ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் எந்தத் தகராறையும் அரை மணியில் தீர்த்துவிடலாம்.

வலைத்தளங்களின் லாக்கும் ஆரம்பத்தில் ஏறக்குறைய இந்த வரவுப் பதிவேடுதான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்து பாதி பிரான்ஸ் பாதியாக எல்லைமேல் உட்கார்ந்திருக்கும் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தம் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் சர்வர் ஓடியது. அந்தப் பெட்டியின் மேல் 'இது சர்வர், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்' என்ற பொருளில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஆபீஸ் மின்விசிறி சுவிட்சுக்கே அப்படிச் சீட்டு ஒட்டிப் பார்த்திருக்கிறேன், ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

ஆனால் இன்று உலகம் பூராவும் லாக் எழுதும் படிவம் அங்கே நிலைபெறவில்லை, அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. என்ற நிலையத்தில் நிலைபெற்றது. அங்கே ராப் மெக்கூல் என்ற இளைஞர் 1993இல் ஒரு வலை சர்வர் எழுதினார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் அது ஒரு வரி எழுதும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார், யார், எந்தத் தேதி எந்த நொடி, என்ன கேட்டார், என்ன முடிவு, எத்தனை எழுத்தளவு அனுப்பினோம். முடிவை மூன்று இலக்கத்தில் எழுதும். 200 என்றால் கொடுத்தாயிற்று. 403 என்றால் உனக்கு அனுமதி இல்லை. 404 என்றால் கேட்டது இங்கே இல்லை. 500 என்றால் எங்கள் பக்கமே கோளாறு. 'பொது லாக் படிவம்' என்று இதற்குப் பெயர். அவர் அந்த வேலையை விட்டுப் போன பிறகு அந்த சர்வரைப் பயன்படுத்தியவர்கள் தங்களுக்குள் திருத்தங்களை ஒட்டுப்போட்டு 1995இல் அப்பாச்சி என்ற சர்வரை உண்டாக்கினார்கள். படிவம் அப்படியே தொடர்ந்தது.

அந்தப் படிவத்தில் இரண்டாவது பத்தி ஒன்று உண்டு. கேட்டவரின் கம்ப்யூட்டரையே திருப்பிக் கேட்டு, 'உன்னிடம் உட்கார்ந்திருக்கும் ஆள் யார்?' என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டிய இடம் அது. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று நம்பிய காலத்து ஏற்பாடு. இப்போது யாரும் அப்படிக் கேட்பதுமில்லை, கேட்டால் பதில் சொல்வதுமில்லை. அதனால் முப்பது வருஷமாக அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் விழுகிறது. கோடிக்கணக்கான வரிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. யாரும் நிரப்பாத பத்தியை யாரும் எடுக்கவும் துணிவதில்லை என்பது சர்க்கார் ஆபீஸ் நோய் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. பிற்பாடு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதற்கும் ஓர் இடம் சேர்த்தார்கள். அதை முன்மொழிந்தவர் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். 1996 மே மாதம் வந்த அதிகாரபூர்வ ஆவணத்திலும் பிழையோடே ஏறிவிட்டது. இன்றுவரை உலகமே அதைப் பிழையாகத்தான் எழுதுகிறது, திருத்தி எழுதினால் இயந்திரத்துக்குப் புரியாது.

இதெல்லாம் மனிதர் பக்கம் படிக்க வந்த காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் நிலைமை மாறத் தொடங்கியது. சேல்ஸ்ஃபோர்ஸ், ஈபே போன்ற கம்பெனிகள் அந்த ஆண்டில் தங்கள் கதவை மனிதருக்கு மட்டுமில்லாமல் மற்றவர்களின் புரோகிராம்களுக்கும் திறந்துவிட்டன. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் கேட்டுப் பதில் வாங்கும் இந்தக் கதவைத்தான் ஏ.பி.ஐ. என்கிறார்கள். அப்பாச்சியை உண்டாக்கியவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங் அதே ஆண்டு தம் ஆய்வேட்டில் இப்படிப்பட்ட பேச்சுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். இன்று நீங்கள் போனில் பால்காரருக்குப் பத்து ரூபாய் அனுப்பினாலும் நடுவில் பல கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் வாங்குகின்றன. கேட்பதும் இயந்திரம், பதில் சொல்வதும் இயந்திரம். தகராறு வந்தால் சாட்சிக்கு ஆள் கிடையாது.

பழைய வரவுப் பதிவேடு இங்கேதான் போதாமல் போயிற்று. பக்கத்தைப் படிக்க வருபவர் கேட்பது முகவரியிலேயே தெரிந்துவிடும், லாக்கிலும் விழுந்துவிடும். பணம் கட்டுவது, விண்ணப்பம் போடுவது போன்றவற்றில் விவரம் உறைக்குள் இருக்கிறது. லாக் உறையின் மேல்விலாசத்தை மட்டும்தான் எழுதும். அதைவிட மோசம், பதில். பல சர்வர்கள் 200 என்று எண்ணைப் போட்டுவிட்டு, உறைக்குள் 'பணம் எடுக்க முடியவில்லை' என்று எழுதி அனுப்பும். கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அந்த 200. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது வேறு.

நான் எல்.டி.சி.யாக இருந்தபோது ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு விதவை அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காக நடையாக நடந்தார். பதிவேட்டில் அவர் மனு ஏறியிருந்தது. 'முடிவு' பத்தியில் 'பதில் அனுப்பப்பட்டது' என்று சிவப்பு மையில் அழகான கையெழுத்து. என்ன பதில் என்று பார்க்கப் பிரதியைத் தேடினால் கோப்பில் இல்லை. கேட்ட ஆவணத்தைக் கொடுக்காததால் மனு தள்ளுபடி என்று பிரிவில் சொன்னார்கள். அந்த அம்மாவோ, எனக்கு எந்த ஆவணமும் வேண்டும் என்று யாரும் எழுதவில்லை என்றார். பதிவேடு இரண்டு பேருக்கும் பொதுவாக ஊமையாக நின்றது. அவர் மறுபடி முதலிலிருந்து மனுப் போட்டார், பணம் வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

தங்கை மகன் போட்ட பிளக்-இன் செய்வது இந்தப் பிரதி எடுக்கும் வேலையைத்தான். அவன் கடை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. 2003இல் வந்தது, அடுத்த ஆண்டே அதில் வெளியார் எழுதிய துண்டுகளைச் செருகும் வசதி வந்துவிட்டது. அதை எழுதியவர்கள் வெளிக் கம்ப்யூட்டரிலிருந்து பதில் வந்து சேரும் இடத்தில் ஒரு கொக்கியை விட்டு வைத்திருக்கிறார்கள். பிளக்-இன் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, போன கோரிக்கை, வந்த பதில், எடுத்த நேரம் மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதும். பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டான். மாட்டுவதில் ஒன்றும் இல்லை. எதை எழுதக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பதற்குத்தான் ஒரு மாலை முழுவதும் போயிற்று.

ஏனென்றால், எல்லாவற்றையும் எழுதினால் கடவுச்சொல்லும் எழுதப்படும். கார்டின் பின்புறம் இருக்கும் மூன்று இலக்க எண்ணும் எழுதப்படும். பணம் எடுக்க அனுமதி கிடைத்த பிறகு அந்த எண்ணை எந்த வடிவத்திலும் வைத்திருக்கக்கூடாது என்பது கார்டு கம்பெனிகளின் கண்டிப்பான விதி. கடை தன்னை யாரென்று காட்டிக்கொள்ள ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு ரகசியச் சாவி போகிறது, அதுவும் லாக்கில் விழும். இந்த இடங்களில் நட்சத்திரக் குறி மட்டும் விழும்படி செய்ய வேண்டும். சின்னக் கடைக்காரர்தான் இதில் தவறுவார் என்பதில்லை. 2018 மே 3ஆம் தேதி ட்விட்டர் கம்பெனி தன் பயனாளிகள் முப்பத்து மூன்று கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. மறைத்துச் சேமிக்க வேண்டிய கடவுச்சொற்கள், மறைக்கப்படுவதற்கு முன்பே உள் லாக் ஒன்றில் வெள்ளையாக எழுதப்பட்டுக் கிடந்தன. திருடன் எவனும் வரவில்லை. சொந்தக் குமாஸ்தாவே சுறுசுறுப்பாக எழுதி வைத்திருந்தான்.

பதிவேடு எழுதும் கையைப் பார்த்துப் பயப்படுவதில் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன் அனுபவம் உண்டு. அங்கே 1970களில் சர்க்கார் இலாகாக்களில் சிதறிக் கிடந்த கோப்புகளை எல்லாம் ஆளுக்கு ஓர் எண் வைத்துக் கம்ப்யூட்டரில் இணைக்க 'சஃபாரி' என்று ஒரு திட்டம் போட்டார்கள். 1974 மார்ச் 21 அன்று ல மோந்த் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடப் போகிறார்களா என்ற தொனியில் தலைப்பு. பெரிய கூச்சல் எழுந்து, 1978 ஜனவரி 6இல் ஒரு சட்டம் வந்தது, சி.என்.ஐ.எல். என்ற கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அந்த ஆணையம் 2021இல் லாக்குகளுக்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டது. சாதாரணமாக ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுவரை வைத்திருக்கலாம் என்கிறது. நம் நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அவர்களுக்கு அதிக நாள் வைத்துவிடுவார்களோ என்று கவலை, இவர்களுக்கு அதற்குள் அழித்துவிடுவார்களோ என்று கவலை. அலுவலகத்தில் பழைய கோப்பைக் கழிக்கும் நாள் வரும்போதெல்லாம் இந்த இரண்டு கட்சியும் எங்கள் பிரிவிலேயே இருந்தன.

அழிப்பதா வைப்பதா என்பது ஒரு பக்கம். இருக்கிற பதிவைப் பார்க்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அங்கே ஊர்தோறும் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்தும் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் உண்டு. 1999 தொடங்கி அவர்கள் கவுண்டர்களில் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கைப் போஸ்ட் ஆபீஸ் நிறுவியது. செய்து கொடுத்து நடத்தியது ஃபுஜிட்சு. கவுண்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது கோரிக்கையாக மையத்துக்குப் போகும், பதில் வரும், கணக்கு ஏறும். சில ஊர்களில் மாலையில் கணக்கைக் கட்டினால் பணம் குறைந்தது. குறையும் பணத்தைக் கடைக்காரர் கையிலிருந்து போட வேண்டும் என்பது ஒப்பந்தம். போட முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. 1999இலிருந்து 2015வரை போஸ்ட் ஆபீஸ் தானே வழக்குத் தொடுத்துத் தண்டனை வாங்கிக்கொடுத்தவர்கள் எழுநூறு பேருக்கு மேல். மற்ற அமைப்புகள் போட்ட வழக்குகளையும் சேர்த்தால் தொள்ளாயிரத்தைத் தாண்டும்.

கோளாறு எப்படி இருந்தது என்பதற்கு ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் ஊரில் 2015 அக்டோபரில் நடந்த ஒன்று போதும். எட்டாயிரம் பவுண்டை வரவு வைக்க ஓர் அம்மா பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே நின்றுவிட்டது. பதில் வரவில்லையே என்று மறுபடி, மறுபடி அழுத்தினார். திரைக்குப் பின்னால் ஒவ்வொரு அழுத்தமும் ஒரு தனிக் கோரிக்கையாகப் போய், நான்கு தடவை வரவு விழுந்து, முப்பத்திரண்டாயிரம் ஆயிற்று. கையில் இருப்பது எட்டாயிரம். கம்ப்யூட்டர் கணக்குப்படி இருபத்து நாலாயிரம் பவுண்டைக் காணோம். பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது 2010 முதல் இதே மாதிரி 112 தடவை நடந்திருந்தது தெரிந்தது. கேட்டதையும் பதிலையும் நேரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நொடிக் கணக்கில் ஒரே தொகை நான்கு முறை விழுந்திருப்பதைச் சிறு பிள்ளையும் காட்டிவிடும். என் தங்கை மகன் கடையில் வாடிக்கையாளர் பொறுமையில்லாமல் இரண்டு தரம் அழுத்துவதும் இதே காரியம்தான்.

கொடுமை என்னவென்றால், அந்தப் பதிவு இருந்தது. கவுண்டர்களில் நடந்தது எல்லாம் ஃபுஜிட்சுவின் தணிக்கைக் கிடங்கில் மூலமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இத்தனை கேட்கலாம் என்று வரம்பு இருந்தது. பல வழக்குகளில் போஸ்ட் ஆபீஸ் அதை வரவழைக்கவே இல்லை. சுருக்கக் கணக்கை வைத்தே வழக்கை நடத்தியது. இன்னொரு பக்கம், ஃபுஜிட்சு ஆட்கள் தொலைவிலிருந்தே கடைக் கணக்கில் கைவைக்க முடியும் என்பதை வெகுகாலம் மறுத்தார்கள். முடியும் என்பது பிறகு நிரூபணமாயிற்று. அப்படி உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கோ பல ஆண்டுகளுக்கு முழுப் பதிவு இல்லை. கடைக்காரருடைய ஒவ்வொரு அசைவுக்கும் பதிவு உண்டு, மேலே இருப்பவர் கைக்கு இல்லை.

சர்ரே வட்டாரத்தில் வெஸ்ட் பைஃப்லீட் என்ற ஊரில் அஞ்சலகம் நடத்தியவர் சீமா மிஸ்ரா, நம் நாட்டு வம்சாவளி. எழுபத்து நாலாயிரம் பவுண்டு திருடியதாகக் குற்றச்சாட்டு. கணக்கு இயந்திரத்தின் பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் தரப்பு திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத் தண்டனை. அப்போது அவர் கர்ப்பிணி. தீர்ப்பு வந்த நாள் அவருடைய மூத்த பையனின் பத்தாவது பிறந்தநாள்.

ஆலன் பேட்ஸ் என்ற சப்-போஸ்ட்மாஸ்டர் முன்னின்று 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கணக்கைக் குறைத்துக் காட்டக்கூடியவை என்று தீர்ப்பெழுதினார். நூற்றுக்கணக்கான பக்கம். ஒவ்வொரு கோளாறையும் எந்தத் தேதியில் யாருக்குத் தெரிந்திருந்தது என்று பதிவுகளை வைத்தே கட்டியிருக்கிறார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. சீமா மிஸ்ரா அதில் ஒருவர். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு 2024 மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டு ஒட்டுமொத்தமாக விடுதலை கொடுத்தது. அதற்குள் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

தங்கை மகனின் விவகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். பிளக்-இன் மாட்டிய ஒன்பதாம் நாள் அதே மாதிரித் தகராறு வந்தது. கோரிக்கை போன நேரம், பதில் வந்த நேரம், பதிலின் உள்ளே இருந்த பரிவர்த்தனை எண் மூன்றையும் எடுத்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பினான். முன்பெல்லாம் பொதுவாக நாலு வரி மன்னிப்பு வரும். இந்தத் தடவை அந்த எண்ணைக் குறிப்பிட்டே பதில் வந்தது. பணம் அவர்கள் பக்கத்திலேயே நின்றிருந்தது, மூன்றாம் நாள் வாடிக்கையாளருக்குத் திரும்பிப் போயிற்று.